அறுவைச் சிகிச்சைக்கு முன் இதய ஆபத்தை மதிப்பிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

முழங்கால் மாற்றாக இருந்தாலும் குடல் புற்றுக்கான அறுவையாக இருந்தாலும், மயக்க மருந்து முன்மதிப்பீட்டு அறைக்குள் நுழையும் பிள்ளைகள் நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு: "அப்பாவோட ஹார்ட்டு ஆபரேஷனைத் தாங்குமா டாக்டர்?" தாங்கும், தாங்காது என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம் என்று தோன்றினாலும், மதிப்பீடு செய்பவர் தேடும் விடை வேறு. இந்த நோயாளிக்கு, இந்த அறுவையில், அடுத்த 30 நாள்களுக்குள் மாரடைப்போ இதய நிறுத்தமோ மரணமோ நேரும் வாய்ப்பு எவ்வளவு, அதைக் குறைக்க ஏதாவது செய்ய முடியுமா, அப்படிச் செய்வதற்காக அறுவையைத் தள்ளிப்போட்டால் நோயாளிக்கு லாபமா நட்டமா என்பதையே அவர் எடைபோடுகிறார். எக்கோ (இதயத்தின் ஒலியலைப் படம்) எடுத்து, "ஹார்ட் ஓகே" என்று எழுதிக் கையெழுத்து வாங்குவதுதான் மதிப்பீடு என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. உண்மையில் வேலையின் பெரும்பகுதி கேள்விகளிலேயே முடிந்துவிடுகிறது. அந்தக் கேள்விகளை நோயாளியின் அன்றாட வாழ்க்கைக்குள் இறங்கிக் கேட்டால்.

சிங்கப்பூரில் தமிழ் பேசும் நோயாளிகளைப் பார்க்கும் இளம் மருத்துவர்களையும் தாதியரையும், பெற்றோருடன் துணைக்கு வந்து மொழிபெயர்க்கும் பிள்ளைகளையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். படிகளை விளக்குவதற்காக ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 71. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மனைவியுடன் இருக்கிறார். 20 ஆண்டாக நீரிழிவு, மாத்திரை மட்டும் எடுக்கிறார். ஐந்து மாதங்களுக்கு முன் திருச்சிக்குப் போயிருந்தபோது நெஞ்சுவலி வந்து அங்கேயே ஸ்டென்ட் (அடைபட்ட இதயக் குழாயை விரித்து வைக்கும் கம்பிவலை) வைத்துக்கொண்டார். திரும்பி வந்த பிறகு மலத்தில் இரத்தம் தெரிய, பரிசோதனையில் பெருங்குடலில் புற்றுநோய் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது.

முதல் படி: அறுவை எவ்வளவு அவசரம்?

இதயத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன், காத்திருக்க நேரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குடலில் ஓட்டை விழுந்து வயிறு முழுக்கச் சீழ் பரவியவருக்கு எக்கோவுக்காகக் காத்திருப்பதே ஆபத்து. அவரை நேரே அறுவைக் கூடத்துக்குக் கொண்டுசென்று, இதய ஆபத்து அதிகம் என்று எடுத்துக்கொண்டு கண்காணிப்பைக் கூட்டுவதே முறை. இடுப்பெலும்பு முறிந்த முதியவரும் ஏறக்குறைய இந்த வகைதான். 48 மணி நேரத்துக்குள் அறுவை முடிவது நல்லது என்பது பரவலாக ஏற்கப்பட்ட நிலை என்பதால், அறிகுறி ஏதும் இல்லாதவருக்கு வெறும் மனநிறைவுக்காக எக்கோ கேட்டு இரண்டு நாள் படுக்க வைப்பது அவருக்கு நிமோனியாவையும் படுக்கைப் புண்ணையும்தான் தரும். இந்தத் தவறு இன்னமும் நடக்கிறது என்பது என் மனக்குறை.

மறுமுனையில் முழங்கால் மாற்று, குடலிறக்கம் போன்றவை மாதக்கணக்கில் காத்திருக்கக் கூடியவை. நம் முதியவரின் புற்றுநோய் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: சில வாரம் தாமதிக்கலாம், ஒரு வருடம் தாமதிக்க முடியாது. கடினமான முடிவுகளில் பெரும்பாலானவை இந்த நடுவகையில்தான் வருகின்றன.

இரண்டாம் படி: இப்போதே கொதித்துக்கொண்டிருக்கும் இதய நோய் உண்டா?

சில நிலைகள் இருந்தால், அவசரமில்லாத எந்த அறுவையையும் நிறுத்திவைத்து முதலில் இதயத்தைக் கவனிக்க வேண்டும். ஓய்விலும் வரும் அல்லது நாளுக்கு நாள் கூடும் நெஞ்சுவலி, அண்மையில் வந்த மாரடைப்பு, கால் வீங்கிப் படுக்க முடியாமல் மூச்சு முட்டும் இதயச் செயலிழப்பு, கட்டுக்குள் வராத வேகத் துடிப்பு, மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் இடையே மின்னோட்டம் தடைபடும் முற்றிய அடைப்பு, அறிகுறியோடு கூடிய கடுமையான பெருந்தமனி வால்வுச் சுருக்கம் ஆகியவை அவை. மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் வைக்காதவருக்குக் குறைந்தது 60 நாள் இடைவெளி தேவை என்பது வழக்கமான அளவு.

இவற்றில் எளிதாகக் கண்ணில் படாமல் நழுவுவது வால்வுச் சுருக்கம். மார்பின் வலது மேல்புறத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் கரகரவென்று கேட்டுக் கழுத்துவரை பரவும் ஓசை அது. நோயாளியிடம் "மயக்கம் போட்டு விழுந்ததுண்டா, நடக்கும்போது மூச்சு வாங்குமா, நெஞ்சை அடைக்குமா" என்று மூன்றையும் கேட்க வேண்டும். எக்கோவில் வால்வின் பரப்பு 1 சதுர சென்டிமீட்டரோ அதற்குக் குறைவாகவோ, இரத்தத்தின் வேகம் வினாடிக்கு 4 மீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் அது கடுமையான சுருக்கம். அப்படிப்பட்டவருக்குத் தண்டுவட மயக்கம் கொடுத்தால் இரத்தக்குழாய்கள் சட்டென்று விரிந்து அழுத்தம் சரியும்; குறுகிய வால்வு வழியே இதயத்தால் அதை ஈடுகட்ட முடியாது. ஓசை கேட்ட இடத்தில் எக்கோ கேட்பது நியாயம். ஓசையும் அறிகுறியும் இல்லாத இடத்தில் கேட்பதுதான் வீண்.

இங்கே மொழியும் குறுக்கே வருகிறது. "நெஞ்சுவலி இருக்கா?" என்று கேட்டால் நம் முதியவர்களில் பலர் இல்லை என்பார்கள், ஏனென்றால் வலி என்ற சொல் அவர்களுக்குக் குத்துவதையோ கடுப்பதையோ குறிக்கும். "நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி", "வாயு ஏறி அடைக்குது", "சாப்பிட்டு நடந்தா எரியுது", "கை அசந்து போகுது" என்ற சொற்களில்தான் அவர்களுடைய இதயம் பேசும். நீரிழிவுக்காரர்களுக்கு அந்த அடைப்புகூடத் தெரியாமல், மூச்சு வாங்குவது மட்டுமே அறிகுறியாக இருக்கலாம். துணைக்கு வந்த மகள் இதையெல்லாம் ஆங்கிலத்தில் "கேஸ்ட்ரிக்" என்று ஒரே சொல்லில் மொழிபெயர்த்துவிட்டால் மருத்துவருக்கு எதுவும் போய்ச்சேராது. பிள்ளைகள் பொருள் சொல்லாமல், அப்பா சொன்ன சொல்லை அப்படியே சொல்வதே பெரிய உதவி.

மூன்றாம் படி: பழைய கதை, குறிப்பாக ஸ்டென்ட்

"அடைப்பு எடுத்தாச்சு, இப்ப ஒன்னும் இல்ல." ஸ்டென்ட் வைத்தவர்கள் பலர் இப்படித்தான் சொல்கிறார்கள், சிலர் அதைச் சொல்லவும் மறந்துவிடுகிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது முடிந்துபோன விஷயம். மயக்க மருந்து நிபுணருக்கோ அதுதான் தொடக்கம். மருந்து பூசிய ஸ்டென்ட்டின் உலோகக் கம்பிகள்மேல் இரத்தக்குழாயின் உள்தோல் முழுதாகப் படர மாதங்கள் ஆகும். அதுவரை ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெல் போன்ற இன்னொரு மருந்தும் சேர்ந்துதான் இரத்தம் உறையாமல் காக்கின்றன. அறுவையோ இரத்தம் உறையும் போக்கைத் தூண்டிவிடும். இரண்டு மருந்தையும் நிறுத்திவிட்டு அந்த நேரத்தில் கத்தி வைத்தால் ஸ்டென்ட் திடீரென்று அடைபடக்கூடும்; அது பெரும்பாலும் உயிரைக் குடிக்கும் மாரடைப்பாகவே முடியும்.

ஆகவே நாள்கணக்கு முக்கியம். நிலையான நெஞ்சுவலிக்காக ஸ்டென்ட் வைத்தவருக்கு, தள்ளிப்போடக் கூடிய அறுவை என்றால் 6 மாதமும், மாரடைப்பின்போது வைத்தவருக்கு 12 மாதமும் காத்திருப்பது நல்லது. புற்றுநோய் போல் காத்திருக்க முடியாத நிலையில், 3 மாதம் கழிந்திருந்தால் நன்மை தீமையைத் தூக்கிப் பார்த்துச் செய்யலாம். முதல் 30 நாளுக்குள் செய்வது பேராபத்து. பலூன் மட்டும் விட்டு விரித்திருந்தால் 14 நாள் போதும். நம் முதியவருக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டது. முழங்கால் மாற்றாக இருந்தால் அவரைத் திருப்பி அனுப்பியிருப்போம், புற்றுநோய் என்பதால் தொடர்கிறோம்.

இந்தக் கணக்கைப் போடத் தேதியும் ஸ்டென்ட்டின் வகையும் தெரிய வேண்டும். இங்குள்ள அரசாங்க மருத்துவமனைகளில் செய்தது மின்னியல் பதிவில் இருக்கும். திருச்சியிலோ சென்னையிலோ செய்தது இருக்காது. அந்த ஊர் மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் தாள் வீட்டில் எங்கோ ஒரு துணிக்கடைப் பைக்குள் இருக்கும். முன்மதிப்பீட்டு நாளுக்கு முன்பே அதைத் தேடி எடுத்து, எல்லாப் பக்கங்களையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு வாருங்கள். ஆஞ்சியோ செய்த குறுந்தட்டு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.

இதயமுடுக்கி வைத்திருப்பவர்கள் அதன் அட்டையைக் கொண்டுவர வேண்டும். சாதாரண இதயமுடுக்கியைக் கடந்த 12 மாதத்துக்குள்ளும், அதிர்ச்சி கொடுக்கும் கருவியைக் கடந்த 6 மாதத்துக்குள்ளும் சோதித்திருக்க வேண்டும், ஏனெனில் அறுவையில் இரத்தக் கசிவைச் சுட்டு நிறுத்தும் மின்கருவி அவற்றைக் குழப்பிவிடும்.

நான்காம் படி: அறுவையின் பளு

கண்புரை, தைராய்டு, மார்பகம், தோல், சிறிய எலும்பு அறுவைகளில் 30 நாள்களுக்குள் இதயச் சிக்கலோ பக்கவாதமோ வரும் வாய்ப்பு 100க்கு 1க்கும் கீழ். இடுப்பு மாற்று, முதுகெலும்பு, பித்தப்பை போன்றவற்றில் 1 முதல் 5. பெருந்தமனி, கணையத்தலை, உணவுக்குழாய், ஈரலில் ஒரு பகுதியை வெட்டுதல் ஆகியவை 5க்கு மேல். கண்புரைக்கு வந்தவருக்கு இதயச் சோதனை எதுவும் பெரும்பாலும் தேவையில்லை என்பதால் இந்தப் படியிலேயே பலருடைய மதிப்பீடு முடிந்துவிடும்.

ஐந்தாம் படி: புள்ளிக் கணக்கு

அமெரிக்காவில் கோல்ட்மன் 1977இல் இதற்கான முதல் குறியீட்டை வகுத்தார். பாஸ்டனில் 50 வயதுக்கு மேற்பட்ட 4,315 நோயாளிகளை வைத்து லீயும் குழுவினரும் அதைத் திருத்தி எளிமையாக்கி 1999இல் வெளியிட்ட குறியீடே இன்று உலகெங்கும் பயன்படுகிறது. ஆறு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி: வயிற்றுக்குள்ளோ மார்புக்குள்ளோ செய்யும் அறுவை அல்லது தொடை இடுக்குக்கு மேல் பெரிய இரத்தக்குழாயில் செய்யும் அறுவையா, இதயத் தமனி நோய் உண்டா, இதயச் செயலிழப்பு வந்ததுண்டா, பக்கவாதமோ தற்காலிகப் பக்கவாதமோ வந்ததுண்டா, நீரிழிவுக்கு இன்சுலின் போடுகிறாரா, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் லிட்டருக்கு 177 மைக்ரோமோலுக்கு மேல் உள்ளதா.

மூல ஆய்வில் புள்ளியே இல்லாதவர்களுக்குச் சிக்கல் 100க்கு 0.4 அளவில்தான் இருந்தது. இதயத்தசை காயப்பட்டால் இரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற பொருளுக்கான சோதனை கூர்மையான பிறகு, வலியில்லாத மாரடைப்புகளும் பிடிபடுவதால், 2017இல் கனடாவின் வழிகாட்டி தொகுத்த புதிய எண்கள் கூடியுள்ளன: புள்ளி இல்லை என்றால் 3.9, ஒன்றுக்கு 6.0, இரண்டுக்கு 10.1, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 15. நம் முதியவருக்கு வயிற்று அறுவைக்கு ஒன்று, இதயத் தமனி நோய்க்கு ஒன்று, ஆக இரண்டு.

இந்தக் கணக்கை நம்மவர்மேல் வைக்கும்போது ஓர் எச்சரிக்கை. சிங்கப்பூர் இந்தியரிடையே நீரிழிவும் இதயத் தமனி நோயும் சீனரைக் காட்டிலும் அதிகம், இளம் வயதிலேயே வருவதும் உண்டு. ஆனால் குறியீடு இன்சுலின் போடுகிறவரை மட்டுமே கணக்கில் எடுக்கிறது. 20 வருடமாக மாத்திரையோடு சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்காமல், ஊசி என்றாலே "அது கடைசிக் கட்டம்" என்று மறுத்துவந்தவருக்கு அதில் புள்ளி இல்லை. ஒழுங்காக ஊசி போட்டுச் சர்க்கரையைச் சீராக வைத்திருப்பவருக்கு ஒரு புள்ளி. இதைக் கவனித்து மனத்துக்குள் ஒரு அரைப்புள்ளி கூட்டிக்கொள்வது என் வழக்கம். அதற்கு ஆய்வு ஆதாரம் என்று எதையும் காட்ட மாட்டேன், அது என் சொந்த முடிவு. உள்ளூர்த் தரவு வேண்டுமென்றால், சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையின் நோயாளிப் பதிவுகளை வைத்து உருவாக்கி 2018இல் வெளியான கேர்ஸ் என்ற கணிப்பான் இருக்கிறது. அது இதயத்தை மட்டும் பார்ப்பதில்லை. 30 நாள் மரணத்தையும் தீவிர சிகிச்சைப் பிரிவின் தேவையையும் கணிக்கிறது, இரத்தசோகையையும் கணக்கில் எடுக்கிறது. நம் பெண்களிடம் இரத்தசோகை எவ்வளவு சாதாரணம் என்பதை நினைத்தால் அது நல்ல சேர்க்கை.

ஆறாம் படி: உடலின் தாங்குதிறன்

மாடிப்படிக் கேள்விதான் பாடப்புத்தகத்தில் எல்லோரும் படிப்பது. நிற்காமல் இரண்டு மாடி ஏறுவது சுமார் 4 மெட் வேலைக்குச் சமம். ஒரு மெட் என்பது சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் எடுக்கும் ஆக்சிஜன், அதாவது ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லிலிட்டர். 4 மெட் முடிந்தால் அறுவையின் பளுவை இதயம் பெரும்பாலும் சமாளிக்கும் என்பது கணக்கு. அதைச் சிங்கப்பூரில் கேட்டால் இப்படிப் போகும்:

"ரெண்டு மாடி நிக்காம ஏறுவீங்களா ஐயா?"

"எதுக்குத் தம்பி? நம்ம புளோக்குலதான் எல்லா மாடியிலயும் லிப்ட் நிக்குதே."

ஒரு காலத்தில் பழைய வீவக புளோக்குகளில் லிப்ட் சில மாடிகளில் மட்டுமே நிற்கும். காய்கறிப் பையோடு ஒன்றிரண்டு மாடி ஏறுவதோ இறங்குவதோ அன்றாட வழக்கம். 2001இல் தொடங்கிய லிப்ட் மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகு அந்த ஏற்றம் பெரும்பாலும் போய்விட்டது. முதியவர்களுக்கு அது பெரிய வரம்தான், ஆனால் முன்மதிப்பீட்டுக் கேள்விக்கு அடிப்படையே போய்விட்டது. "முடியும்" என்று அவர் சொல்வது பத்து வருடத்துக்கு முந்தைய நினைவு. மருத்துவரின் கண்மதிப்பும் உதவாது: 2018இல் 25 மருத்துவமனைகளில் 1,401 பேரிடம் நடந்த ஆய்வில், உண்மையில் தாங்குதிறன் குறைந்தவர்களில் 100க்கு 19 பேரை மட்டுமே மருத்துவர்களின் சொந்தக் கணிப்பு அடையாளம் கண்டது.

அந்த ஆய்வில் கண்மதிப்பைவிட நன்றாக உதவியது 1989இல் உருவான டியூக் செயல்பாட்டுக் குறியீடு. 12 கேள்விகள், முழு மதிப்பெண் 58.2, 34க்குக் கீழே போனால் கவனம் தேவை. ஆனால் அதையும் அப்படியே மொழிபெயர்த்தால் போதாது. வீட்டு வேலை முழுவதையும் தானே செய்யும் ஒரு 68 வயது அம்மாவை எடுத்துக்கொள்வோம். குளித்து உடுத்துவதற்கு 2.75, வீட்டுக்குள் நடக்க 1.75, வெளியே சமதரையில் நடக்க 2.75, படியேற 5.5, பாத்திரம் கழுவுவது போன்ற வேலைக்கு 2.7, கூட்டிப் பெருக்கிச் சாமான் தூக்க 3.5, தரையைத் தேய்த்துக் கழுவ 8. மொத்தம் 26.95, தேறவில்லை! மிச்சமுள்ள கேள்விகளில் ஒன்று தோட்ட வேலை, அடுக்குமாடி வீட்டில் அதற்கு இடமில்லை. இன்னொன்று தாம்பத்திய உறவு, அதற்கு 5.25; மகன் உட்கார்ந்திருக்கும்போது அதை யாரும் கேட்பதில்லை, கேட்டாலும் பதில் வராது. கோல்ஃப், நடனம் போன்ற மிதமான விளையாட்டுக்கு 6. அதைக் கேட்கும்போது கோல்ஃபை மட்டும் சொல்லாமல், காலையில் புளோக்கின் கீழே இசை போட்டு ஆடும் உடற்பயிற்சிக் குழுவில் சேர்கிறாரா என்று கேட்டால் சரியான விடை கிடைக்கும். மதிப்பெண் குறைந்தது உடலால் முடியாததாலா, கேள்வி பொருந்தாததாலா என்று பிரித்தறிவது மதிப்பிடுபவரின் வேலை.

நான் கேட்பது இன்னும் வெளிப்படையான கேள்விகள். தேக்கா சந்தையிலிருந்து மீனும் காயும் இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தம்வரை போகும்போது நடுவில் எத்தனை முறை நிற்கிறீர்கள்? சாலையைக் கடக்க நடைமேம்பாலம் இருந்தால் ஏறுவீர்களா, சுற்றிப் போவீர்களா? தைப்பூசத்துக்குச் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை நடந்தீர்களா? நம் முதியவர் கடைசிக் கேள்விக்குத்தான் விழித்துக்கொள்கிறார்: "வருஷா வருஷம் பால்குடம் எடுப்பேன். இந்தத் தடவை பாதியில மூச்சு வாங்கிருச்சு, மகன் டாக்ஸி பிடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டான்." போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் இடையே வந்த இந்த மாற்றம் எந்த மதிப்பெண்ணையும்விட அதிகம் பேசுகிறது. முழங்கால் வலியால் நடக்க முடியாதவரிடம் இந்தக் கேள்விகள் பலிக்காது. அங்கே இரத்தப் பரிசோதனைதான் கைகொடுக்கும்.

ஏழாம் படி: சோதனைகள்

65 வயது தாண்டியவருக்கோ இதய நோய் உள்ளவருக்கோ, நடுத்தர அல்லது பெரிய அறுவைக்கு முன் ஓர் ஈசிஜி. அதன் முக்கியப் பயன், அறுவைக்குப் பின் எடுக்கும் ஈசிஜியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. புதிதாக மூச்சு வாங்கினாலோ இதய ஓசை கேட்டாலோ எக்கோ. இதயத்தின் சுவர் இழுபடும்போது இரத்தத்தில் கலக்கும் என்டி-புரோபிஎன்பி என்ற பொருளின் அளவு 300க்குக் கீழே இருந்தவர்களில் 100க்கு 4.9 பேருக்கும், 300ஐத் தொட்டவர்களிலோ தாண்டியவர்களிலோ 100க்கு 21.8 பேருக்கும் 30 நாளுக்குள் மாரடைப்போ மரணமோ நேர்ந்தது என்று பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டியிருக்கிறது. ஒரு சிறு குப்பி இரத்தத்துக்கு இது பெரிய பயன்.

ஓடுதளச் சோதனையும் ஆஞ்சியோவும் கேட்பதற்கு முன், விடை எதுவாக வந்தாலும் நம் திட்டம் மாறுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அறுவைக்கு முன்பே அடைப்பைச் சரிசெய்துவிட்டால் பாதுகாப்பு என்று தோன்றுவது இயல்பு. ஆனால் 2004இல் வெளியான கார்ப் ஆய்வில், பெரிய இரத்தக்குழாய் அறுவைக்கு முன் இதய அடைப்பைச் சரிசெய்தவர்களுக்கும் சரிசெய்யாதவர்களுக்கும் மரண விகிதத்தில் வேறுபாடு இல்லை. மேலும், புதிதாக ஒரு ஸ்டென்ட் வைத்தால் மூன்றாம் படியின் நாள்கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இரத்த அழுத்தம் அன்று 180/110க்கு மேல் இருந்தால் மட்டுமே ஒத்திவைப்பதை யோசிக்கலாம். வெள்ளைச் சட்டையைப் பார்த்த பதற்றத்தில் 165 காட்டியதற்காக ஒருவரை வீட்டுக்கு அனுப்புவது தேவையற்றது.

எட்டாம் படி: மாத்திரைப் பை

கீழே சொல்லும் நாள்கள் பொது வழக்கம். உங்களுக்கான நாளை உங்கள் மருத்துவரே எழுதித் தர வேண்டும்.

இதயத் துடிப்பை மெதுவாக்கும் அட்டெனலால், பைசோப்ரொலால் போன்ற மருந்தை ஏற்கெனவே எடுப்பவர் அறுவை நாள் காலையிலும் எடுக்க வேண்டும். புதிதாக அன்று தொடங்கக் கூடாது: 2008இல் 8,351 பேரிடம் நடந்த பாய்ஸ் ஆய்வில், அன்றே தொடங்கியதால் மாரடைப்பு குறைந்தது, ஆனால் பக்கவாதமும் மரணமும் கூடின. கொழுப்பு மாத்திரையைத் தொடரலாம். இரத்த அழுத்தத்துக்காக எடுக்கும் எனலாப்ரில், லோசார்ட்டன் வகைகளை 24 மணி நேரம் முன்பு நிறுத்தச் சொல்வார்கள். இதயச் செயலிழப்புக்காக எடுத்தால் தொடரலாம். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினை 5 நாள் முன்பு நிறுத்துவார்கள். ஒழுங்கற்ற துடிப்புக்கு மட்டும் எடுப்பவருக்கு அந்த இடைவெளியில் அதற்குப் பதிலாக ஹெப்பரின் ஊசி தேவையில்லை என்பதை 2015இல் வந்த ஆய்வு காட்டியது, செயற்கை வால்வு வைத்தவர் நிலை வேறு.

எம்பாகிளிஃப்ளோசின், டாப்பாகிளிஃப்ளோசின் என்ற நீரிழிவு மாத்திரைகளை 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். பட்டினியோடு சேரும்போது சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டியபடியே இரத்தம் அமிலமாகிவிடும் ஆபத்து அவற்றுக்கு உண்டு. இவை இதயத்துக்காகவும் சிறுநீரகத்துக்காகவும் கொடுக்கப்படுவதால், "எனக்குச் சர்க்கரையே இல்லையே" என்பவரின் பையிலும் இருக்கலாம்.

இப்போது ஆஸ்பிரின். ஸ்டென்ட் இல்லாதவர்களுக்கு ஆஸ்பிரினைத் தொடர்வதால் மாரடைப்பு குறையவில்லை, இரத்தக் கசிவுதான் கூடியது என்று 2014இல் 10,010 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது. ஸ்டென்ட் உள்ளவருக்கோ ஆஸ்பிரினைத் தொடர்வதே பாதுகாப்பு. க்ளோபிடோக்ரெலை மட்டும் 5 நாள் முன்பு நிறுத்துவார்கள்.

நம் முதியவரிடம் தாதி சொல்கிறார்: "க்ளோபிடோக்ரெலை நிறுத்திடுங்க, ஆஸ்பிரினை விடாதீங்க." அவர் தலையாட்டுகிறார். ஆனால் அவருடைய பையிலிருந்து நான் எடுக்கும் பட்டையில் அந்த இரண்டு பெயருமே பெரிதாக இல்லை. திருச்சி மருத்துவர் எழுதிய வணிகப் பெயர் ஒன்றுதான் இருக்கிறது. பட்டையைத் திருப்பி, மடிப்பில் பாதி கிழிந்த சின்ன எழுத்தைப் படித்தால் இரண்டு மருந்தும் ஒரே மாத்திரைக்குள் இருக்கின்றன. நிறுத்தினால் இரண்டும் நிற்கும், ஐந்து மாத ஸ்டென்ட் காவலின்றி நிற்கும். தொடர்ந்தால் இரண்டும் தொடரும், அறுவையில் இரத்தம் நிற்காது. கூட்டு மாத்திரையை நிறுத்தி, இங்கே தனியாக ஆஸ்பிரின் எழுதிக் கொடுத்தால்தான் சொன்ன சொல் செயலாகும். "எல்லா மருந்தையும் பட்டையோடு கொண்டு வாருங்கள்" என்று நாங்கள் நச்சரிப்பது இதற்காகத்தான். பலதுறை மருந்தக (பாலிகிளினிக்) மாத்திரைகளோடு ஜோகூரில் வாங்கியது, ஊரிலிருந்து வந்த சூரணம், மீன் எண்ணெய், ஜின்செங் எல்லாமே அந்தப் பைக்குள் வர வேண்டும். மூலிகை வகைகளைப் பொதுவாக இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வோம்.

ஒன்பதாம் படி: எண்ணைச் சொல்வது

"பத்து சதவிகிதம்" என்றால் சிலருக்கு ஒன்றுமில்லாதது, சிலருக்குத் தீர்ப்பு. "உங்களைப் போல 100 பேருக்கு இந்த அறுவை செய்தால், ஏறக்குறைய 90 பேருக்கு இதயத்தில் ஒன்றும் ஆகாது, 10 பேருக்குப் பெரிய சிக்கல் வரலாம், செய்யாமல் விட்டால் கட்டி வளர்ந்து குடலை அடைக்கும்" என்று இரண்டு பக்கத்தையும் ஒரே மூச்சில் சொல்வதே நேர்மை. "அப்பாகிட்ட எதுவும் சொல்லாதீங்க" என்று பிள்ளைகள் வாசலில் மறித்துச் சொல்வது நமக்குப் புதிதல்ல. அப்பாவிடம் முதலில் "எவ்வளவு தெரிஞ்சுக்க ஆசைப்படுறீங்க ஐயா?" என்று கேட்டுவிட்டால், பெரும்பாலும் அந்தச் சிக்கலை அவரே அவிழ்த்துவிடுவார். சிக்கல் வந்தால் எதுவரை சிகிச்சை வேண்டும் என்பதையும் அன்றே பேசி எழுதிவைப்பது நல்லது.

பத்தாம் படி: அறுவைக்குப் பிறகு

நம் முதியவரின் என்டி-புரோபிஎன்பி 420 வந்தது என்று வைத்துக்கொள்வோம். மூச்சு வாங்கியதற்காக எடுத்த எக்கோவில் இதயத்தின் சுருங்கும் திறன் சற்றே குறைந்திருக்கிறது, கடுமையான வால்வு நோய் இல்லை. இதய மருத்துவர் மருந்துகளைச் சீர்செய்தபின் அறுவை நடக்கிறது. அதற்குப் பின் இரண்டு மூன்று நாள் தினமும் ட்ரோபோனின் பார்க்கப்படும். அறுவைக்குப் பிந்தைய இதயத்தசைக் காயம் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்தில் வருகிறது, பத்தில் எட்டுப் பேருக்கு மேல் நெஞ்சில் எந்த அறிகுறியும் இருப்பதில்லை. வலிமருந்தின் மயக்கத்தில் இருந்தாலும் தெரியாது. பக்கத்தில் இருக்கும் குடும்பத்தார் கவனிக்க வேண்டியது வலியை மட்டுமல்ல: காரணமின்றி வியர்ப்பது, படுக்க மறுத்து எழுந்து உட்காருவது, நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று குழம்புவது. இவற்றில் எதைக் கண்டாலும் தாதியை உடனே அழைத்து, ஸ்டென்ட் இருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வீட்டுக்குப் போகும் நாளில் க்ளோபிடோக்ரெலை எந்தத் தேதியில் மீண்டும் தொடங்குவது, யார் அதை முடிவு செய்வார் என்ற இரண்டையும் கேட்டு எழுதி வாங்குங்கள். அறுவை மருத்துவர் இதய மருத்துவர் சொல்வார் என்றும், அவர் இவர் சொல்வார் என்றும் இருந்துவிட வாய்ப்புண்டு. இப்போது கையில் இருப்பவை தனி ஆஸ்பிரினும் தனி க்ளோபிடோக்ரெலும். திருச்சியிலிருந்து வந்த கூட்டு மாத்திரைப் பட்டை இன்னும் மேசை இழுப்பறையில் கிடந்தால், அதை இவற்றோடு சேர்த்து விழுங்கிவிடாதபடி அன்றைக்கே எடுத்துத் தனியே வைத்துவிட்டு, அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது மருந்தாளரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.